மணியனுக்குத் தானியமில்லாச் சாப்பாடு வாங்கப் பழகிய விதம்

எங்கள் ஊரில் பூனைக்குக் காசு கொடுத்துச் சாப்பாடு வாங்குகிறேன் என்றால் இன்னும் சிரிப்பார்கள். டச்பே கரையில் வள்ளங்களின் நிழலில் படுத்திருக்கும் பூனைகளைப் பார்த்தால் அந்தச் சிரிப்பிலும் நியாயம் இருக்கிறது. வலையை உதறும்போது விழுகிற கீரி மீனையும் காரலையும் தின்றுவிட்டு மினுமினு என்று கிடக்கும். "தம்பி, திருகோணமலையில இருந்துகொண்டு பூனைக்குப் பைக்கற் சாப்பாடோ?" என்று அடுத்த வீட்டு மாமி கேட்காத மாதம் இல்லை.

நானும் விரும்பித் தொடங்கவில்லை. 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. கிடைத்த மீனை வைக்க மின்சாரமும் இல்லை. காலையில் வாங்கி அவித்த மீன் மத்தியானம் நாறிவிடும். வீட்டில் இரண்டு பூனைகள்: செம்மஞ்சள் கடுவன் மணியன், அவனுக்கு மூத்தவள் கறுப்பி. அந்த நாளில்தான் உலர்சாப்பாட்டுப் பை வீட்டுக்குள் வந்தது. அதன் விலையும் ஏறித்தான் இருந்தது, ஆனால் கெட்டுப்போகாது. (அப்படித்தான் நினைத்தேன். அதுவும் கெடும், பின்னால் சொல்கிறேன்.)

பிறகு மணியன் கழுத்தைச் சொறிய ஆரம்பித்தான். கொழும்பில் வேலை செய்யும் மகள் படத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, அது கோதுமை ஒவ்வாமை. தானியமில்லாத சாப்பாடுதான் குடுக்க வேணும்" என்று தீர்ப்புச் சொல்லி, அடுத்த கிழமையே இரவு பஸ்ஸில் ஒரு பையை ஏற்றிவிட்டாள். சீனக்குடா மாவாலைக்குக் கப்பல் கப்பலாகக் கோதுமை வந்து இறங்குகிற ஊர் இது. அந்த ஊருக்குக் கோதுமை இல்லாத சாப்பாடு கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தது.

பையின் முன்பக்கத்தில் பனிமலை, காட்டுப் பூனை, பெரிய எழுத்தில் 'தானியம் இல்லை'. விலை பழையதைப் போல இரண்டு மடங்கு. நான் இருபத்தாறு வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறவன். பெட்டியின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படிப்பதுதான் என் பிழைப்பு. அந்தப் பையை மட்டும் ஒருநாளும் திருப்பிப் பார்க்கவில்லை.

எட்டு மாதம் போனது. மணியன் உருண்டை ஆனான். ஒரு சனிக்கிழமை இரவு மண்தட்டுக்குப் போவதும் குந்துவதும் ஒன்றும் வராமல் எழும்புவதுமாக நின்றான். நான் மலச்சிக்கல் என்று நினைத்தேன். நல்லவேளை, மனைவி குனிந்து பார்த்துவிட்டு "சிறுநீர் வரேல்லை" என்றாள். கடுவன் பூனைக்குச் சிறுநீர் அடைத்தால் விடியும் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. ஓரிரு நாளில் உயிர் போகும். அந்த நேரத்தில் ஒரு மிருக வைத்தியரை எழுப்பி, குழாய் விட்டு எடுத்தோம்.

வேலை முடிந்து கையைக் கழுவிக்கொண்டே வைத்தியர், என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். தானியமில்லாத சாப்பாடு என்று பெருமையாகவே சொன்னேன். "தானியம் இல்லை, சரி. அப்ப என்ன இருக்கு?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அடைப்புக்கு அந்தச் சாப்பாடுதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. கொழுப்பு, வீட்டுக்குள்ளேயே கிடப்பது, தண்ணீர் குடிப்பது குறைவு, எல்லாம் சேர்ந்து வரும் என்றார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பையைத் திருப்பினேன்.

சிறிய எழுத்தில் இப்படி இருந்தது: புரதம் 28, கொழுப்பு 11, நார் 5, ஈரம் 10, சாம்பல் 8. எல்லாம் நூற்றுக்கு. கூட்டினால் 62. மிச்சம் 38 எங்கே? அதைப் பெரும்பாலான பைகள் எழுதாது. அந்த மிச்சம்தான் மாச்சத்து. பிறகு கறுப்பி தின்னும் பழைய பையை எடுத்தேன். அரிசியும் சோளமும் போட்ட சாதாரணப் பை அது. புரதம் 32, கொழுப்பு 12, நார் 3, ஈரம் 10, சாம்பல் 8. கூட்டினால் 65, மிச்சம் 35. தானியம் போட்ட பையில் மாச்சத்து குறைவு, போடாத பையில் கூட! இரண்டு மடங்கு காசு கொடுத்து உருளைக்கிழங்கும் பட்டாணியும் வாங்கியிருக்கிறேன்.

ஏன் இப்படி என்பது முறுக்குப் பிழிந்தவர்களுக்குச் சுலபமாக விளங்கும். மா இல்லாமல் முறுக்கு நிற்காது. உலர்சாப்பாட்டு உருண்டையும் அப்படித்தான். இறைச்சித் தூளையும் மாவையும் குழைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் அச்சு வழியாகத் தள்ளி, வெளியே வந்து பொரியும்போது வெட்டுகிறார்கள். ஒட்டுவதற்கு ஏதாவது மாச்சத்து வேண்டும். தானியத்தை எடுத்தால் அந்த இடத்துக்கு உருளைக்கிழங்கு, பட்டாணி, கடலை, பருப்பு, மரவள்ளி வரும். பூனைக்கு மரவள்ளி மா சோள மாவை விட மேலானது என்று எந்தக் கணக்கும் இல்லை.

ஆகவே கடைக்குப் போனால் முதலில் போனில் கல்குலேட்டரைத் திறவுங்கள். நூறில் இருந்து புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் ஐந்தையும் கழியுங்கள். சாம்பல் எழுதாத பைகள் உண்டு. அப்போது 8 என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது. சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பலைக் கலக்கிறார்கள் என்று பயப்பட வேண்டாம், எரித்தால் மிஞ்சுகிற தாது உப்புகளின் அளவு அது. மிச்சம் 25க்குள் வந்தால் அந்தப் பை காசுக்குப் பெறுமதி. முப்பதைத் தாண்டினால் 'தானியம் இல்லை' என்ற எழுத்துக்காக ஒரு சதமும் கூடக் கொடுக்க வேண்டாம். நான் இப்போது வாங்குவதில் புரதம் 40, கொழுப்பு 18, நார் 3, ஈரம் 8, சாம்பல் 8, மிச்சம் 23. இந்த 25, 30 என்பதெல்லாம் நானாகப் போட்ட கோடு, சட்டம் இல்லை.

புரதத்துக்கு மட்டும் வெளியில் ஒரு அளவுகோல் இருக்கிறது. அமெரிக்கத் தீவன அதிகாரிகளின் சங்கம், ஆஃப்கோ என்பார்கள், வளர்ந்த பூனைக்கு ஈரத்தைக் கழித்த கணக்கில் குறைந்தது 26 வீதமும் குட்டிக்கும் சினைப் பூனைக்கும் 30 வீதமும் புரதம் வேண்டும் என்கிறது. அது தரைமட்டம். நல்ல பை அதற்கு நன்றாக மேலே நிற்கும். பூனை முழு ஊனுண்ணி. நாயைப் போலச் சோறும் கறியும் கலந்து வாழப் படைக்கப்பட்டதில்லை. அதன் ஈரல் எந்த நேரமும் புரதத்தை எரித்துக்கொண்டே இருக்கும், குறைத்துக் கொடுத்தால் சொந்தத் தசையைத் தின்னும்.

அடுத்தது சேர்மானப் பட்டியல். எடை கூடியது முதலில், குறைந்தது கடைசியில் என்ற ஒழுங்கில்தான் எழுதுவார்கள். இங்கே இரண்டு விளையாட்டு நடக்கும். முதலாவது, 'புதிய கோழி இறைச்சி' என்று முதலிடத்தில் இருக்கும். பச்சைக் கோழியில் பெரும்பங்கு தண்ணீர். காய்ந்த பிறகு அது மூன்றாம் நான்காம் இடத்துக்கு இறங்கிவிடும். கோழித் தூள், மீன் தூள் என்று எழுதியிருந்தால் தரக்குறைவு என்று நினைக்க வேண்டாம். ஏற்கெனவே தண்ணீர் போன இறைச்சி அது. கோழி இறைச்சியும் அதன் பின்னாலேயே கோழித் தூளும் இருந்தால் எனக்குச் சந்தோஷம். வெறுமனே 'இறைச்சித் தூள்' என்று, எந்தப் பிராணி என்றே சொல்லாமல் இருந்தால் நான் எடுப்பதில்லை.

இரண்டாவது விளையாட்டு துண்டு போடுவது. அந்தத் தானியமில்லாப் பையில் பட்டாணி ஓரிடம், பட்டாணிப் புரதம் ஓரிடம், பட்டாணி நார் இன்னோரிடம். தனித்தனியாகப் பார்த்தால் கோழிதான் முதலிடம். மூன்றையும் கூட்டினால் பட்டாணிதான் பையின் முதலாளி. பட்டாணிப் புரதத்தைக் கொட்டினால் பையில் எழுதிய புரத எண்ணும் ஏறிவிடும், அதனால் எண்ணை மட்டும் பார்த்தும் ஏமாறலாம்.

'கோழியுடன்' என்ற சொல்லையும் கவனியுங்கள். அமெரிக்க விதியில் அப்படி எழுத 3 வீதம் கோழி இருந்தால் போதும். 'கோழிச் சுவை' என்றால் அதுவும் வேண்டியதில்லை, வாசம் இருந்தால் சரி.

இனி டோரின். இது இல்லாத பையை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். இறைச்சியிலும் மீனிலும் இருக்கிற ஒரு சத்து. நாங்கள் அதை உடம்பிலேயே செய்துகொள்வோம், பூனையால் தேவையான அளவு செய்ய முடியாது. குறைந்தால் கண் விழித்திரை கெடும், இதயத் தசை மெலிந்து பலூன் மாதிரி விரியும். இதயத்துக்கு வருகிற கேட்டை 1987இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள்தான் பிடித்தார்கள். கடைச் சாப்பாடு தின்ற பூனைகளுக்கே இதயம் விரிந்திருந்தது, டோரின் கொடுத்ததும் பல பூனைகள் தேறின. அதன் பிறகுதான் கம்பனிகள் அதைக் கூட்டிப் போட ஆரம்பித்தன. உலர்சாப்பாட்டில் குறைந்தது 0.1 வீதம் வேண்டும், சில பைகளில் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். பக்கத்தில் 'முழுமையான சமநிலை உணவு' என்ற கருத்தில் ஒரு வரியும் அது எந்த வயதுக்கு என்பதும் இருக்க வேண்டும். 'துணை உணவு' என்றிருந்தால் அது நொறுக்குத்தீனி, மூன்று நேரச் சாப்பாடு ஆகாது.

மகள் இன்னொரு பயத்தையும் வட்ஸ்அப்பில் அனுப்பினாள்: தானியமில்லாச் சாப்பாட்டால் இதய நோய் வருமாம். வதந்தி இல்லை, முழு உண்மையும் இல்லை. 2018 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதை விசாரிக்கத் தொடங்கியது. 2019 ஏப்ரல் கடைசி வரை வந்த 524 முறைப்பாடுகளில் 515 நாய்களைப் பற்றியவை, பூனை 9 மட்டும். பெரும்பாலும் பட்டாணி, பருப்பு வகைகள், உருளைக்கிழங்கு நிறையப் போட்ட சாப்பாடுகள். இதுதான் காரணம் என்று அவர்கள் நிறுவவில்லை. 2022 முடிவில், புதிய ஆய்வு வந்தால் தவிர இனி அறிக்கை விடமாட்டோம் என்று நிறுத்திக்கொண்டார்கள். நான் இதில் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: முதல் ஐந்து சேர்மானத்தில் பட்டாணி, பருப்பு, கிழங்கு இரண்டு மூன்று முறை வந்தால் பையை அதே தட்டில் திருப்பி வைத்துவிடுவேன்.

அப்போ மணியனின் சொறி? அதுதான் சிரிப்பு. வைத்தியர் அவன் வால் அடியில் மயிரைப் பிரித்துக் காட்டினார், மிளகுத் தூள் தூவியதுபோல் கறுப்புப் பொட்டுகள். ஈரப் பஞ்சில் வைத்து நசுக்கினால் சிவப்பாகக் கரைந்தது. தெள்ளுப்பூச்சியின் கழிவு, அதாவது மணியனின் இரத்தம். கழுத்தில் ஒரு மருந்துத் துளி விட்டு, மாதம் தவறாமல் தொடர்ந்ததும் சொறி நின்றது. சாப்பாட்டால் ஒவ்வாமை வருகிற பூனைகளிலும் அதிகம் பிடிபடுவது மாட்டிறைச்சி, மீன், கோழி. கோதுமையும் சோளமும் அவற்றுக்குப் பின்னால்தான். சொறிக்காகத் தானியத்தை நிறுத்த நினைக்கிறவர்கள் முதலில் ஒரு தெள்ளுச் சீப்பு வாங்குங்கள், அது மலிவு.

வாங்குகிற அளவில் நான் விட்ட பிழையையும் சொல்ல வேண்டும். ஒருமுறை கிலோக் கணக்குப் பார்த்து ஏழு கிலோ மூட்டை எடுத்தேன். வைகாசி, கச்சான் காற்று வீசுகிற காலம். குசினியில் தகரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். இரண்டாம் மாதம் மணியன் தட்டை மணந்துவிட்டு மண் மூடுவதுபோல் நிலத்தைக் கீறிவிட்டுப் போனான். ஒரு உருண்டையை விரலில் நசுக்கி மூக்கருகே கொண்டுபோனேன். விளக்கில் பல நாள் கிடந்து பிசுபிசுத்த எண்ணெயின் வாடை. உருண்டைக்கு மேல் பூசிய கொழுப்பு காறிப்போயிருந்தது. கொழுப்பு கூடிய நல்ல பைக்குத்தான் இது கெதியாக வரும்.

இப்போது ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வாங்குவதில்லை. நாலு கிலோ எடையுள்ள வீட்டுப் பூனை ஒன்றுக்கு நாளுக்கு 50 முதல் 60 கிராம் போதும், சரியான எண் பையில் இருக்கும். 55 கிராம் என்று வைத்தால் ஒன்றரைக் கிலோ 27 நாள். திறந்து ஆறு கிழமைக்குள் முடிந்துவிட வேண்டும். வாளிக்குள் கொட்டாமல் பையோடேயே வாளிக்குள் வைத்து, காற்றைப் பிதுக்கி, வாயை மடித்துக் கவ்வி போடுகிறேன். வாளியின் சுவரில் பிடிக்கிற பழைய எண்ணெய் புதுச் சாப்பாட்டையும் கெடுக்கும், தொகுதி எண்ணும் திகதியும் பையில்தான் இருக்கின்றன. மாரியில் வேறு பிரச்சினை, நமுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். எறும்புக்குப் பழைய வழிதான்: அகன்ற தட்டில் தண்ணீர் விட்டு நடுவில் சாப்பாட்டுக் கிண்ணம்.

கடையில் பெரிய மூட்டையைப் பிரித்துப் பொலித்தீனில் கால் கிலோ, அரைக் கிலோவாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். மலிவு. ஆனால் என்ன சாப்பாடு, எப்போது திறந்தது, எப்போது முடியும், ஒன்றும் தெரியாது. பெயரும் திகதியும் இல்லாத மாத்திரையை நான் யாருக்கும் விற்கமாட்டேன்.

விலையைக் கிலோவுக்குப் பார்க்காமல் நாளுக்குப் பாருங்கள். சத்துக் கூடிய சாப்பாடு குறைவாகப் போடுவதால் வித்தியாசம் நினைத்த அளவு இருக்காது. கப்பால் அள்ளிப் போடுவதை விட்டு, ஒருமுறை தராசில் 55 கிராம் நிறுத்து, அந்த மட்டத்துக்குக் கப்பில் மாக்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மணியன் உருண்டையானதில் பாதிப் பங்கு என் தாராளமான கைக்குத்தான்.

பை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தண்ணீரை அது தராது. நாலு கிலோப் பூனைக்கு நாளுக்குச் சுமார் 200 மில்லிலீற்றர் தண்ணீர் வேண்டும். மீன் தின்கிற பூனைக்கு அதில் பெரும்பகுதி மீனிலேயே வந்துவிடும். உலர்சாப்பாட்டில் ஈரம் பத்து வீதம். 55 கிராமில் ஐந்தரை மில்லிலீற்றர், ஒரு தேக்கரண்டி. மிச்சத்தை அதுவாகக் குடிக்க வேண்டும், பூனைக்கோ தாகம் மந்தம். எங்கள் வீட்டில் இப்போது மூன்று இடத்தில் அகன்ற மண்சட்டி, சாப்பாட்டுத் தட்டுக்குத் தள்ளி. மாலையில் கீரி மீனை உப்புப் போடாமல் அவித்து, முள் எடுத்து, ஒரு கரண்டி மீனும் நிறைய அவித்த தண்ணீரும் விடுகிறேன். வெங்காயம், உள்ளி போட்ட குழம்பு கூடவே கூடாது, இரத்தத்தைக் கெடுக்கும். பச்சை மீனும் வேண்டாம்: சில மீன்களில் பி1 விற்றமினை அழிக்கிற ஒரு பொருள் இருக்கிறது, அவித்தால் அது போய்விடும். கருவாடு கேட்டு மணியன் இன்னும் அழுவான். அழட்டும்.

பை மாற்றும்போது அவசரம் வேண்டாம். முதல் இரண்டு நாள் பழையது முக்கால், புதியது கால். பிறகு பாதிக்குப் பாதி. பத்து நாளில் முழுதாக மாறலாம். வயிறு இளகினால் ஒரு படி பின்னால் போங்கள். பசித்தால் தின்னும் என்று பட்டினி போடுவது மட்டும் பூனையிடம் கூடாது. இரண்டு மூன்று நாள் தின்னாமல் கிடந்தால், அதிலும் கொழுத்த பூனை என்றால், ஈரலில் கொழுப்பு ஏறி ஆபத்தாகும்.

மணியன் ஒன்பதாம் நாள் மாறினான். எடையும் மெல்ல இறங்கியது, இப்போது விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது. கறுப்பியிடம் மூன்று முறை முயன்றேன். புதிய உருண்டைகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் பழையதைத் தின்றாள். பதினொரு வயது, எடை சரி, மயிர் மினுக்கம், வைத்தியர் பார்த்து இரத்தமும் நல்லது என்றார். அவளுக்கு மிச்சம் 35 வருகிற அந்த அரிசிப் பையையே வாங்குகிறேன். மகளுக்கு இன்னும் சொல்லவில்லை.